தயாபரன் விட்டுக்கொடுத்த பதவி

வட்டக்கச்சியில் தயாபரனைப் பற்றிக் கேட்டால் யாரும் முதலில் சொல்வது, அவன் சண்டை சச்சரவுக்குப் போகாதவன் என்பதுதான். வாய்க்காலில் தண்ணீர் திறக்கிற நாட்களில் கூடப்பிறந்தவர்களே மண்வெட்டியோடு எதிரெதிராக நிற்கிற குடியேற்றத் திட்டம் அது. தயாபரன் மட்டும், "நீங்கள் முதல்ல பாய்ச்சுங்கோ, நான் பேந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வரம்பில் குந்தியிருப்பான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து, காடு வெட்டி வயலாக்கிய அவனுடைய தகப்பனுக்கு இந்தக் குணம் பிடிக்கவில்லை. ஊருக்குப் பிடித்திருந்தது. நல்ல மனுசன் என்ற பெயர் இளவயதிலேயே அவனோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அந்தப் பெயருக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வதே அவனுக்கு ஒரு வேலையாகப் போய்விட்டது.

சம்பளத்துக்குச் செய்கிற வேலை வேறு. யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில், வயலை நம்பிப் பயனில்லை என்று கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் சேர்ந்தவன், அங்கேயே நிலைத்துவிட்டான். விடியப்புறம் நிறுவனத்தின் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு பூநகரிப் பக்கம் போகும். கடனீரேரிக் கரையோரம் பனைகளும் உடைமரங்களும் நிற்கிற உவர்த்தரை. பாரமான கவசச் சட்டையும் முகத்தை மூடுகிற கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு ஆள் அகலத்துக்கு நிலத்தைத் தடவித் தடவி முன்னேற வேண்டும். அந்த ஒடுக்கமான பாதைக்கு லேன் என்று பெயர். ஒரு லேனில் ஒரு ஆள்தான். லீடர் விசில் ஊதினால் எல்லோரும் கையிலிருப்பதை வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற கதை அந்த இடத்தில் கிடையாது.

அவனுடைய பிரிவில் பாதிப்பேர் பெண்கள். அவர்களில் சுமித்திரா அவனோடு ஒரே நாளில் பயிற்சிக்கு வந்தவள். சொந்த ஊர் வற்றாப்பளை. கலியாணம் முடித்துப் பரந்தனில் இருக்கிறாள். கணவன் அங்கே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். தயாபரனைவிட வயதில் சிறியவள் என்பதால் "தயா அண்ணை" என்றுதான் கூப்பிடுவாள். மத்தியானச் சாப்பாட்டில் அவனுடைய கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் அவளுடைய கணவாய்க் கறிக்கும் பண்டமாற்று நடக்கும். அப்படி ஒரு பழக்கம்.

பிரிவின் லீடராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போனபோது, அந்த இடம் தயாபரனுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். எழுத்துப் பரீட்சை எழுதினான். சுமித்திராவும் வேறு சிலரும்கூட எழுதினார்கள். வெளியில் வைத்துச் செய்முறைப் பரீட்சையும் நடந்தது. நேர்முகம் மட்டும் மிச்சம்.

அந்த இடைவெளியில்தான் கிளிநொச்சியில் அந்தப் பயிற்சிப்பட்டறை வந்தது. வேலைத்தலத்தில் பெண்களுக்குச் சமமான இடம் கிடைக்க ஆண்கள் என்ன செய்யலாம் என்பது பொருள். வவுனியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி நடத்தினார். மற்ற ஆண்கள் சாப்பாட்டுப் பார்சல் எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்க, தயாபரன் முன் கதிரையில் இருந்து கவனமாகக் கேட்டான். "உங்களுக்கு வாற ஒரு இடம், உண்மையில பக்கத்தில நிக்கிற ஒரு பெண்ணுக்கு வந்திருக்க வேண்டியது எண்டு எப்பவாவது யோசிச்சிருக்கிறியளோ?" என்று அந்தப் பெண்மணி கேட்டபோது, அவனுக்குச் சுமித்திராவின் முகம் வந்தது. பழைய லீடர் லீவில் நின்ற நாட்களில் அவனும் சுமித்திராவும் மாறிமாறிப் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். அவளுடைய நாட்களில் வேலை சத்தமில்லாமல் நடக்கும். அவனுடைய நாட்களில் யாராவது இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருப்பார்கள், அவன் கண்டிக்கமாட்டான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தான். யோசிக்க யோசிக்க நெஞ்சுக்குள் இனிப்பாக இருந்தது. நல்ல காரியம் ஒன்று கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து நிற்கிறது. செய்யாமல் விடுவதா?

அடுத்தநாளே களப்பணி அதிகாரி தில்லைநாதனின் அறைக்குப் போனான்.

"சேர், நான் நேர்முகத்துக்கு வரேல்ல. சுமித்திராவுக்குக் குடுங்கோ. அவாதான் பொருத்தம்."

தில்லைநாதன் முன்பு பாடசாலை அதிபராக இருந்தவர். நல்ல செய்தியைச் சும்மா வைத்திருக்க அவரால் முடியாது. எழுந்து வந்து தயாபரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உம்மைப்போல ஆக்கள் இருந்தால் இந்த மண் உருப்படும்" என்றார்.

நேர்முகம் முடிந்து சில நாட்களில், காலை வரிசையில் வைத்துத் தில்லைநாதனே அறிவித்தார். புதிய லீடர் சுமித்திரா. கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதில இன்னொரு விசயம் இருக்கு" என்று தொடங்கினார். "தனக்கு வர வேண்டிய பதவியைத் தயாபரன் தானாக ஒதுங்கி ஒரு சகோதரிக்கு விட்டுக் குடுத்திருக்கிறார். எல்லா ஆண்களுக்கும் இது ஒரு முன்மாதிரி." இந்தமுறை கைதட்டல் பலமாக எழுந்தது. யாரோ விசிலும் அடித்தார்கள். தயாபரன் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது சுமித்திரா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை என்பதுபோலக் கையசைத்தான். அவள் திரும்பிக் கவசச் சட்டைகள் இருந்த கொட்டிலுக்குள் போய்விட்டாள்.

வீட்டில் மனைவி ஜெகதீஸ்வரி தான் படிப்பிக்கிற முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டையில் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் கத்தரிக்கோலை வைத்தாள்.

"எப்ப முடிவெடுத்தனீங்கள்?"

"போன கிழமை."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"நல்ல காரியம்தானே ஜெகா. ஒரு பொம்பிளைக்குத்தானே குடுத்தனான்."

"நானும் பொம்பிளைதான்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி வெட்டத் தொடங்கினாள். இதிலே அவள் எங்கே வந்தாள் என்று தயாபரனுக்கு விளங்கவில்லை. சம்பளம் கூடாத கோபமாக இருக்கும் என்று முடிவுசெய்துகொண்டு கிணற்றடிக்குப் போனான்.

அடுத்த கிழமையிலிருந்து சுமித்திரா அவனைத் "தயாபரன்" என்று கூப்பிட்டாள். அண்ணை போய்விட்டது. லீடர் ஆட்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது ஒழுங்கு என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவள் வேறு பக்கம் போய் இருந்தாள். கணவாய்க் கறியும் போனது. அவளுக்கு மரியாதை குறையக்கூடாது என்று அவன் எல்லோருக்கும் கேட்கும்படியாக "ஓம் லீடர், சரி லீடர்" என்று சொல்லிப் பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்தபோது அது நையாண்டி போலக் கேட்டது. இரண்டொருவர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடுவதையே குறைத்தான்.

ஒருநாள் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த றொசான், லேனுக்குள் நின்றபடி முகக் கண்ணாடியை மேலே தூக்கி வியர்வை துடைத்தான். அது பெரிய பிழை. சுமித்திரா அவனை மட்டும் வெளியே கூப்பிட்டு, அன்றைக்கு முழுதும் தண்ணீர்க் கொட்டிலில் இருக்கச் சொன்னாள். றொசான் போகிற போக்கில், "அண்ணை விட்டுத் தந்த கதிரைதானே, கொஞ்சம் மெதுவா இருக்கலாம்" என்றான்.

பக்கத்து லேனில் நின்ற தயாபரன் அதைக் கேட்டான். பயிற்சிப்பட்டறையில் இதைத்தான் சொன்னார்கள்: ஒரு பெண்ணைத் தாழ்த்திப் பேசும்போது பக்கத்தில் நிற்கிற ஆண் வாயை மூடிக்கொண்டிருக்கக்கூடாது. சண்டைக்குப் போகாத மனுசன் அன்றைக்குப் போனான்.

"டேய் றொசான், யாரோட கதைக்கிறாய்? அவா எங்கட லீடர். மன்னிப்புக் கேள்."

றொசான் உடனே பணிந்துவிட்டான். "சரி அண்ணை. நீங்கள் சொன்னால் சரி" என்று சுமித்திராவின் பக்கம் திரும்பி, "சொறி லீடர்" என்றான்.

சுமித்திராவின் முகம் இறுகியது. "தயாபரன், உங்கட லேனை விட்டு ஏன் இஞ்ச வந்தனீங்கள்? போங்கோ" என்றாள்.

அவன் போனான். மண்ணைத் தடவும்போதும் அதையே யோசித்தான். பேசாமல் இருந்தால் பிழை, பேசினாலும் பிழை என்றால் மனுசன் என்னதான் செய்வது? மத்தியானம் வரை பொறுத்திருந்து, அவள் தார்ப்பாய்க் கொட்டிலுக்கு வெளியே தனியாக நின்ற நேரம் பார்த்துக் கிட்டப் போனான்.

"சுமித்திரா, நான் உங்களுக்கு என்ன பிழை செய்தனான்? நன்மைதானே செய்தனான்."

அவள் தண்ணீர்ப் போத்தலை மூடி வைத்தாள்.

"பரீட்சையில ஆர் முதலாவது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"நான். எழுத்திலயும், செய்முறையிலயும். தில்லைநாதன் சேரிட்டை நேர போய்க் கேட்டனான். நீங்கள் போய் அவரோட கதைக்க முந்தியே அந்த இடம் எனக்கெண்டுதான் இருந்ததாம்."

"அப்ப நல்லதுதானே."

"என்ன நல்லது? அது ஒருத்தருக்கும் தெரியாது. தயாபரன் விட்டுக் குடுத்தவர் எண்டுதான் தெரியும்." அவளுடைய குரல் உயரவில்லை. "நீங்கள் ரெண்டாவது கூட இல்லை, தயா அண்ணை. ரெண்டாவது மற்றப் பிரிவில ஒரு ஆள். நீங்கள் மூண்டாவது. உங்களிட்டை இல்லாத சாமானை எனக்கு விட்டுத் தந்திருக்கிறியள்."

தயாபரனுக்குக் காது சூடானது. பழைய முறைக்கு அண்ணை என்று கூப்பிட்டதை அவன் கவனித்தான். ஆனால் மூன்றாவது என்ற சொல்தான் மனதில் நின்றது. தான் தோற்றிருக்கக்கூடும் என்று அவன் ஒருதரம்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

"நீங்கள் நேர்முகத்துக்கு வந்து, நிண்டு, என்னட்டைத் தோத்திருந்தால் எனக்கு அதுவே காணும்" என்றாள். "இப்ப பரந்தனில என்ர மனுசன்ர கடைக்கு வாற சனம் என்ன கேக்குது தெரியுமோ? 'அந்த ஆள் ஏன் உம்மட மனிசிக்கு விட்டுக் குடுத்தவர்?' எண்டு கேக்குது. நான் என்ன மறுமொழி சொல்ல?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்பதும் அவனுக்குத் தோன்றவே இல்லை. "நான் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லுறன்" என்றான். அவள் போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லவும் செய்தான். திரும்பி வருகிற பஸ்ஸில், தேநீர்க் கொட்டிலில், கண்ட இடமெல்லாம் சொன்னான். "நான் விட்டுக் குடுக்கேல்ல. அவாதான் முதலாவதா வந்தவா. நான் மூண்டாவது." கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். றொசான் உண்மையான பக்தியோடு, "உங்களைப்போல மனுசர் இல்லை அண்ணை. குடுத்ததையும் குடுக்கேல்ல எண்டு சொல்லுறியள்" என்றான். உண்மையைச் சொல்லச் சொல்ல அவனுடைய பெருமைதான் வளர்ந்தது. அவன் சொல்லை ஊர் எப்போதும் நம்பியிருக்கிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் நம்பமாட்டேன் என்கிறது.

இதையெல்லாம் ஜெகதீஸ்வரியிடம் சொன்னான். அவள் சிரித்தாள். "அவா சொல்லுறது சரி" என்றாள்.

"அண்டைக்கு நான் குடுத்ததுக்கு ஏசினாய். இப்ப அவா ஏசுறதும் சரியெண்டுறாய்."

"ரெண்டும் ஒண்டுதான்."

"எப்பிடி ஒண்டு?"

"அவாட்டையும் கேக்கேல்ல, என்னட்டையும் கேக்கேல்ல" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். தயாபரன் கதிரையிலிருந்து யோசித்தான். கேட்டுவிட்டுச் செய்தால் அது என்ன விட்டுக்கொடுப்பு? கேட்காமல் கொடுப்பதில்தானே அழகு? அப்படித்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தான். அது சரியா பிழையா என்று இப்போது பிடிபடவில்லை.

மார்ச் மாதம் மகளிர் தின விழா வந்தது. தயாபரனுக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகத் தில்லைநாதன் சொன்னார். அவன் பதறிப்போய் அவருடைய அறைக்கு ஓடினான். "சேர், வேண்டாம். அவாதான் முதலாவது எண்டு நீங்கள் மேடையில சொல்லுங்கோ, அது காணும்" என்றான். புள்ளிகளை வெளியில் சொல்ல நிறுவனத்தில் அனுமதி இல்லை என்றார் அவர். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இந்த அடக்கம்தான் தயாபரன் உம்மட்டை எனக்குப் பிடிச்சது" என்றார்.

விழாவில் பெயரைக் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தான். பக்கத்திலிருந்தவர்கள் தள்ளி எழுப்பிவிட்டார்கள். பொன்னாடை தோளில் விழுந்தது. ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். "நான் ஒண்டும் விட்டுக் குடுக்கேல்ல" என்றான். "நிண்டிருந்தாலும் எனக்குக் கிடைச்சிருக்காது. சுமித்திரா லீடர் என்னைவிடக் கெட்டிக்காரி." மண்டபம் கைதட்டியது. படமெடுத்தார்கள். வரிசையில் இருந்த சுமித்திரா கைதட்டவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. சிரிப்பை அடக்குகிறாளா கோபத்தை அடக்குகிறாளா என்று மேடையிலிருந்து அவனுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டவுடன் எழுந்து போனது பிழையோ, போய்ப் பேசியது பிழையோ என்று விழா முடியும்வரை மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். பொன்னாடையை வீட்டு அலுமாரியில் வைக்க ஜெகதீஸ்வரி இடம் கொடுக்கவில்லை. அது சைக்கிள் கரியரில் சில நாட்கள் கிடந்தது.

சோளகக் காற்று தொடங்கி அடித்துக்கொண்டிருந்த நாட்களில், முல்லைத்தீவுப் பக்கம் திறக்கப்போகிற புதிய பிரிவுக்கு லீடர் தேவை என்று அறிவித்தல் வந்தது. அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது சுமித்திரா அவனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"விண்ணப்பம் போடப் போறியளோ?"

"போடவோ?" என்று அவன் திருப்பிக் கேட்டான். "எங்கட பிரிவில இருக்கிற பிரஷாந்தினியும் போடுறாவாம். அவா இளம் பிள்ளை, கெட்டிக்காரி..."

"அவாவின்ர கதையை விடுங்கோ. உங்களுக்கு விருப்பமோ இல்லையோ?"

விருப்பமா? இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை. வீட்டுக்குப் போய் ஜெகதீஸ்வரியிடம் கேட்டான். "உங்களுக்கு விருப்பமெண்டால் போடுங்கோ. முல்லைத்தீவில தங்கி நிக்க வேண்டி வந்தால் இஞ்சத்தைய அலுவலை நான் பாப்பன்" என்றாள். அப்போதுதான் தனக்கு விருப்பம் என்பது அவனுக்குத் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

படித்தான். பரீட்சை எழுதினான். செய்முறை நன்றாகவே போனது. நேர்முகத்தில், காயப்பட்ட ஆளை லேனிலிருந்து வெளியே கொண்டுவருகிற ஒழுங்கைக் கேட்டார்கள். தெரிந்த விசயம்தான். ஆனால் யார் முதலில் போவது, மற்றவர்களை எங்கே நிறுத்துவது என்பதை முன்பின்னாக மாற்றிச் சொல்லிவிட்டான். சொல்லும்போதே பிழைத்தது தெரிந்தது. அந்த இடம் பிரஷாந்தினிக்குப் போனது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் றொசான் எழுந்து இடம் கொடுத்தான். "திரும்பவும் விட்டுக் குடுத்திட்டியள் என்ன அண்ணை?"

"இல்லையடா. தோத்தனான்."

"எங்களுக்குத் தெரியும் அண்ணை."

"என்ன தெரியும் உனக்கு?" தயாபரனின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "நான் ஆசைப்பட்டுப் படிச்சுப் போனனான். பிழையாச் சொல்லித் தோத்தனான். அவா சரியாச் சொல்லி வெண்டவா. அவாவின்ர வெற்றியையும் என்ர தோல்வியையும் ஏன்டா பறிக்கிறாய்?"

பஸ் குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டியது. பின்னாலிருந்து யாரோ, "மனுசன் எவ்வளவு மறைக்கிறார் பாருங்கோ" என்று மெல்லச் சொன்னார்கள். றொசான் மட்டும் நெற்றியைச் சொறிந்துகொண்டு அவனையே பார்த்தான். முன் இருக்கையிலிருந்த சுமித்திரா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வீதியைப் பார்த்தாள்.

இறங்கிய பிறகு அவனிடம் வந்தாள். "எது பிழைச்சது?"

சொன்னான்.

"கவலையோ?"

"ஓம்" என்றான். கண் கலங்கியது அவனுக்கே ஆச்சரியம்.

"எனக்குக் கொஞ்சம் சந்தோசமா இருக்கெண்டு சொன்னால் கோவிப்பியளோ?"

"தெரியேல்ல."

உண்மையிலேயே தெரியவில்லை. அவள் தன்னை மன்னித்துவிட்டாளா, தன் தோல்வியைப் பார்த்து மனம் ஆறுகிறாளா, இரண்டும் வேறு வேறா? கேட்கலாம் என்று வாயெடுத்தான். அவள் அதற்குள், "வெள்ளிக்கிழமை வேலை முடிய நில்லுங்கோ. அந்த ஒழுங்கை ஒருக்கால் செய்து பாப்பம். பிரஷாந்தினியும் போக முந்திப் பழக வேணுமாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை, வெடி அகற்றித் துப்புரவாக்கி முடித்த நிலத்தில் ஒரு பொய் லேன் போட்டார்கள். றொசானும் நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே நின்றான். ஆட்களில் பாரமானவன் தயாபரன் என்பதால் அவனையே காயப்பட்ட ஆளாகப் படுக்கச் சொன்னாள் சுமித்திரா. அவன் உவர்மண்ணில் மல்லாந்து கிடந்தான். சோளகக் காற்று முகத்தில் மண்ணை வாரியடித்தது. பிரஷாந்தினி முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தாள், பின்னால் சுமித்திராவும் றொசானும் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அவனைப் புரட்டி ஏற்றும்போது, இரண்டு பெண்களுக்குப் பாரமாக இருக்குமே என்று தயாபரன் மெல்லக் கையை நிலத்தில் ஊன்றி உடம்பை எழுப்பப் பார்த்தான்.

"கையை எடுங்கோ தயா அண்ணை" என்றாள் சுமித்திரா. "உங்களுக்குக் காயம். நாங்கள் தூக்குறம். நீங்கள் சும்மா படுத்திருங்கோ."

அவன் கையை எடுத்தான். வயிற்றில் வைத்துப் பார்த்தான், பக்கத்தில் நீட்டிப் பார்த்தான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர்கள் மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள்.